கரண்ட் வந்தால் பில் வர வேண்டும்

சிவகாசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவனுக்கு ஆண்டில் இரண்டு சீசன். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அன்று பிடிக்கும் ஓட்டம் டிசம்பர் கடைசி வரை டி.டி.பி. அறைகளில் ஓயாது. எந்தக் கடைக்காகக் காலண்டர் அச்சாகிறதோ அந்தக் கடையின் பெயர், ஊர், போன் நம்பர் என்று ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாகத் தமிழில் தட்டியாக வேண்டும். இன்னொரு சீசன் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள். வெளியூர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து பட்டாசு வாங்கும் நாட்களில் பில் மேசை சற்று நேரம் நின்றாலும் கூட்டம் வாசலைத் தாண்டிவிடும். இரண்டு சீசனிலும் என்னைக் கூப்பிடுகிறவர்கள் கேட்பது ஒன்றையேதான்: சிஸ்டத்தைப் போட்டால் வேலைக்கு வேண்டிய திரை தானாக வந்து நிற்க வேண்டும்.

“தம்பி, கரண்ட் வந்தா பில்லு வரணும். நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்” என்று ஒரு பட்டாசுக் கடை அண்ணாச்சி சொன்னார். நியாயமான பேச்சு. அவருக்குத் தெரிய வேண்டாத அந்த நடுப்பகுதிதான் என் பிழைப்பு. இத்தனை வருஷம் அதிலேயே கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு புரோகிராமைத் தானாகத் தொடங்க வைப்பது எளிது. அது தொடங்கும் நேரத்தில் அதற்கு வேண்டியதெல்லாம் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

நான் தொழில் பழகிய டாஸ் காலத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டே கோப்புகள். கான்ஃபிக்.சிஸ் முதலில் படிக்கப்படும். நினைவகத்தையும் சாதனங்களையும் அது தயார் செய்யும். அடுத்து ஆட்டோஎக்ஸெக்.பேட். அதில் எழுதியிருப்பதை மெஷின் மேலிருந்து கீழாக வரி வரியாகச் செய்யும். கடைசி இரண்டு வரிகளில் பில்லிங் டைரக்டரிக்குள் போகச் சொல்லி, புரோகிராமின் பெயரை எழுதிவிட்டால் முடிந்தது. கடையைத் திறந்து சுவிட்சைப் போட்டால் பில் திரை வந்துவிடும். பெரும்பாலும் ஃபாக்ஸ்புரோவிலோ கிளிப்பரிலோ எழுதிய புரோகிராம்கள். கான்ஃபிக்.சிஸ்ஸில் ‘ஃபைல்ஸ்’ என்ற வரியை எழுதாமல் விட்டால் டாஸ் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு 8. ஒரே சமயத்தில் சரக்கு, கணக்கு, வாடிக்கையாளர் என்று பல கோப்புகளைத் திறக்கும் பில்லிங்குக்கு அது காணாது, பாதியில் நின்றுவிடும். 640 கே.பி.க்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்பதால் எந்த டிரைவரை முன்னால் ஏற்றுவது, எதைப் பின்னால் ஏற்றுவது என்று வரிகளை இடம் மாற்றி மாற்றிப் பார்ப்போம். 1991-ல் டாஸ் 5 வந்தபோது சில டிரைவர்களை அந்த 640-க்கு மேலே ஏற்றிவிடும் வசதியும் கிடைத்தது. அங்கும் வரிசை மாறினால் மிச்சமாகும் இடம் மாறும். வரிசைதான் முக்கியம் என்று இந்தத் தொழிலில் எனக்கு முதல் பாடம் சொன்னது கான்ஃபிக்.சிஸ்தான்.

விண்டோஸ் வந்தபின் இரண்டு கோப்புகள் போய்ப் பல வாசல்கள் வந்தன. 3.1-ல் ஸ்டார்ட்அப் என்று ஒரு குரூப் இருந்தது; வின்.இனி கோப்பில் லோடு, ரன் என்று இரண்டு வரிகள். 1995-ல் ஸ்டார்ட் மெனுவுக்குள் ஸ்டார்ட்அப் ஃபோல்டர் வந்தது. கூடவே ரெஜிஸ்ட்ரியில் ‘ரன்’ என்ற சாவி, மெஷினுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று. ஒரே ஒரு முறை மட்டும் ஓட ‘ரன்ஒன்ஸ்’. அதற்கப்பால் சர்வீஸ்கள், டாஸ்க் ஷெட்யூலர். ஒரு புரோகிராம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று தேடுவதே தனி வேலையானது. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் எழுதிய ஆட்டோரன்ஸ் என்ற சிறிய கருவியை முதன்முதலில் ஓட்டிப் பார்த்த அன்றுதான் எத்தனை வாசல்கள் இருக்கின்றன என்பது முழுதாகப் புரிந்தது. 2006-ல் அவர்களுடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபின்னும் அந்தக் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. என் பென் டிரைவில் அது எப்போதும் இருக்கும்.

கடைக்காரர் தாமே செய்துகொள்ள நினைத்தால் ஸ்டார்ட்அப் ஃபோல்டர் போதும். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி ‘ஷெல்:ஸ்டார்ட்அப்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் அது திறக்கும். அதில் புரோகிராமின் ஷார்ட்கட்டைப் போட வேண்டும். புரோகிராமையே இழுத்துப் போடக் கூடாது. பழைய பில்லிங் புரோகிராம்கள் தங்கள் டேட்டாவைத் தாம் நிற்கும் இடத்திலேயே தேடும். ஷார்ட்கட்டின் பிராப்பர்ட்டீஸில் ‘ஸ்டார்ட் இன்’ என்று ஒரு கட்டம் உண்டு. டேட்டா இருக்கும் ஃபோல்டரின் பாதை அதில் இருக்க வேண்டும். டாஸில் டைரக்டரிக்குள் போகச் சொல்லி எழுதிய அந்த வரியின் வாரிசு இந்தக் கட்டம். ரெஜிஸ்ட்ரியின் ரன் சாவியில் இந்த வசதி கிடையாது. ஐகானை இரண்டு முறை தட்டினால் திறக்கும் புரோகிராம், தானாகத் தொடங்கும்போது மட்டும் ‘கோப்பு இல்லை’ என்று நின்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த ஃபோல்டரிலும் இரண்டு வகை. மேலே சொன்னது ஒரு பயனருக்கு மட்டும் உரியது. அண்ணாச்சி தன் பெயரில் உள்ளே போனால் பில் வரும், கணக்கப்பிள்ளை தன் பெயரில் போனால் வராது. எல்லாருக்கும் வர ‘ஷெல்:காமன் ஸ்டார்ட்அப்’ என்ற பொது ஃபோல்டரில் போட வேண்டும்.

சர்வீஸ் என்பது வேறு விஷயம். யாரும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வருவதற்கு முன்பே அது ஓடத் தொடங்கிவிடும். டேட்டாபேஸ் அப்படித்தான் இருக்க வேண்டும். சர்வர் மெஷின் முன்னால் ஆள் உட்காராவிட்டாலும் மற்ற மெஷின்களுக்கு அது கிடைத்தாக வேண்டுமே. ஆனால் திரை காட்டும் புரோகிராமை சர்வீஸாக ஓட்ட முடியாது. விஸ்டா முதல் சர்வீஸ்களுக்கு விண்டோஸ் தனி அறை ஒதுக்கிவிட்டது. பில்லிங்கை அங்கே வைத்தால் ஓடும், ஆனால் மேசைக்கு முன்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. டேட்டாபேஸ் சர்வீஸாக, பில் திரை லாகின் ஆனபின் ஷார்ட்கட்டாக என்ற பிரிவை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

மீதிப் பாதியைக் கற்றுக்கொடுத்தது மின்வெட்டு. 2012-ல் தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த ஆண்டை நினைவூட்ட வேண்டியதில்லை. யு.பி.எஸ். பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். ஒரு நாளில் பல முறை எல்லா மெஷினும் ஒரே நொடியில் அணைந்து, ஒரே நொடியில் எழும். சர்வர் பழைய மெஷின், ஹார்ட் டிஸ்க் நிறைய டேட்டா. அது நிதானமாக எழும். பில் மேசையில் சர்வரோடு இணைந்திருக்கும் மெஷின், அதாவது நோடு, புதிது, சீக்கிரம் எழுந்துவிடும். எழுந்த உடனே ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருக்கும் பில்லிங்கைத் தொடங்கும். சர்வரில் இருக்கும் டேட்டா டிரைவ் இன்னும் வந்திருக்காது. சிவப்புப் பெருக்கல் குறியோடு நிற்கும். பில்லிங் ‘டேட்டா இல்லை’ என்று மூடிக்கொள்ளும். இலை விழுவதற்கு முன்னால் சாம்பார் வாளி வந்த பந்தி மாதிரி.

இதற்கு அப்போது எல்லாரும் செய்த வைத்தியம் தாமதம். ஷார்ட்கட்டுக்குப் பதில் சின்ன பேட்ச் கோப்பு ஒன்று. முதல் வரியில் காத்திருக்கச் சொல்லி, அடுத்த வரியில் பில்லிங்கைத் தொடங்கச் சொல்வது. எக்ஸ்பியில் காத்திருக்க நேரான கட்டளை கிடையாது. மெஷின் தன்னையே முப்பது முறை பிங் செய்துகொள்ளச் சொன்னால் ஏறத்தாழ அரை நிமிடம் கழியும். பின்னால் வந்த விண்டோஸ்களில் டைம்அவுட் என்ற கட்டளையே இருக்கிறது. ஆனாலும் குத்துமதிப்பான தாமதத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சர்வர் டிஸ்க் சரியாக மூடாமல் போய், எழும்போது தன்னைச் சோதித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டால் அரை நிமிடம் எந்த மூலைக்கு? அதனால் பேட்ச் கோப்பில் ஒரு கேள்வியை வைத்தேன். சர்வரில் இருக்கும் குறிப்பிட்ட டேட்டா கோப்பு கண்ணுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் பில்லிங்கைத் தொடங்கு. தெரியாவிட்டால் சில நொடி காத்துவிட்டு மறுபடி கேள். டாஸ் காலத்து ‘இஃப் எக்ஸிஸ்ட்’தான். காத்திருக்கும்போது கறுப்புத் திரையில் ‘சர்வர் எழுந்துகொண்டிருக்கிறது, பொறுங்கள்’ என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வாக்கியம் ஒன்றும் ஓடும். பில் போடும் பிள்ளைகள் அதைப் பார்த்தபின் பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்குவதை விட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த வாக்கியம்தான் அந்தக் கோப்பில் மிக உபயோகமான வரி.

டாஸ்க் ஷெட்யூலரில் இதெல்லாம் இன்னும் ஒழுங்காகச் செய்யலாம். விஸ்டாவில் அதைப் புதிதாக எழுதினார்கள். மெஷின் எழும்போது தொடங்கு, இன்னார் லாகின் ஆகும்போது தொடங்கு, இத்தனை நிமிடம் கழித்துத் தொடங்கு என்று தனித்தனியாகச் சொல்லலாம். ஆனால் புதிய டாஸ்க் ஒன்றை உருவாக்கியதும் ‘கண்டிஷன்ஸ்’, ‘செட்டிங்ஸ்’ என்ற பக்கங்களைத் திறக்காமல் எழுந்துவிடக் கூடாது. மெயின் கரண்டில் இருந்தால் மட்டும் தொடங்கு என்பதில் ஏற்கெனவே டிக் இருக்கும். பேட்டரிக்கு மாறினால் நிறுத்திவிடு என்பதிலும் டிக் இருக்கும். லேப்டாப்பில் பில் போடும் கடையில் இதன் அர்த்தம் என்ன? கரண்ட் போன நொடியில் பில்லிங் தானாக மூடிக்கொள்ளும். கரண்ட் போனாலும் பில் போட வேண்டும் என்றுதான் கடைக்காரர் லேப்டாப்பே வாங்கினார். அடுத்த பக்கத்தில் மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடு என்று இன்னொரு டிக். இரவும் பகலும் அணைக்காத சர்வர் மெஷினில் மூன்றாம் நாள் ஒரு புரோகிராம் சத்தமில்லாமல் காணாமல் போனால் காரணத்தைப் பலர் வைரஸில் தேடுவார்கள். காரணம் அந்த டிக் பெட்டிகளில் இருக்கிறது.

இனி தமிழ்த் தட்டச்சு. டி.டி.பி. மெஷினில் தானாகத் தொடங்க வேண்டியவற்றில் இதற்குத்தான் முதல் இடம். எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகானாக உட்கார்ந்து, விசைகளை வாங்கித் தமிழாக்கிக் கொடுக்கும். அது எழாவிட்டால் ஆபரேட்டர் தட்டுவதெல்லாம் ஆங்கிலக் குப்பையாக விழும். ஒரு டி.டி.பி. அறையில் விண்டோஸ் 7 போட்டுக்கொடுத்த பின் ஆபரேட்டர் கூப்பிட்டார். “அண்ணே, நோட்பேடுல தமிழ் வருது. பேஜ் போடுற சாஃப்ட்வேர்ல மட்டும் வர மாட்டேங்குது.” ஐகான் இருந்தது, ஓடிக்கொண்டும் இருந்தது. எழுத்துருவைச் சந்தேகித்தார்கள், கீபோர்டை மாற்றிப் பார்த்தார்கள். அந்தப் பக்க வடிவமைப்பு மென்பொருள் பழையது. புதிய விண்டோஸில் ஓடவேண்டும் என்று அதை எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும்படி வைத்திருந்தார்கள். விஸ்டாவுக்குப் பின் ஒரு விதி உண்டு: சாதாரண உரிமையில் ஓடும் புரோகிராம், உயர்ந்த உரிமையில் ஓடும் புரோகிராமின் விசைகளைத் தொட முடியாது. பாதுகாப்புக்கான விதி, நல்ல விதி. தட்டும் பாஸ்வேர்டை வேறொரு புரோகிராம் ஒட்டுக்கேட்காமல் இருக்கத்தான் அது. ஆனால் தமிழ்த் தட்டச்சுப் புரோகிராமும் விசைகளைக் கேட்டுத்தான் வேலை செய்கிறது.

அதையும் உயர்ந்த உரிமையில் தொடங்கலாமே என்றால், அப்படிப்பட்ட புரோகிராமை ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் வைத்தால் அந்த விண்டோஸ் தடுத்து நிறுத்திவிடும். தினமும் காலையில் கையால் அனுமதி கொடுக்க வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் ஆகும்போது தொடங்கு என்று வைத்து, ‘உயர்ந்த உரிமையுடன் ஓட்டு’ என்ற டிக்கைப் போட்டேன். தமிழ் வந்தது. அந்த மெஷினில் ஆல்பம் வேலை ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஆபரேட்டர் அன்று மாலைக்குள் விட்ட பக்கங்களைப் பிடித்துவிட்டார். இப்போதைய விண்டோஸில் தமிழ்99 உள்ளேயே வருகிறது, மெஷினோடு எழுகிறது. யூனிகோடில் மட்டும் வேலை செய்பவருக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. பழைய எழுத்துருக்களில் ஆண்டுக்கணக்கான பைல்களை வைத்திருக்கும் அச்சகங்களுக்கு இன்னும் உண்டு.

வேண்டாதவை தாமாக வந்து சேர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரின்டர் வாங்கினால் அதன் கூட ஒரு புரோகிராம், ஸ்கேனர் வாங்கினால் இன்னொன்று, எதையாவது டவுன்லோடு செய்தால் அதன் அப்டேட்டர். ஒவ்வொன்றும் யாரையும் கேட்காமல் ரன் சாவியில் தன்னை எழுதிக்கொள்ளும். சுழலும் ஹார்ட் டிஸ்க் காலத்தில் இது பெரும் பாரம். ஒரே நேரத்தில் பத்து புரோகிராம்கள் பத்து இடங்களிலிருந்து படிக்கச் சொன்னால் டிஸ்க்கின் தலை அங்கும் இங்கும் அலைந்தே நேரம் போகும். எஸ்.எஸ்.டி. வந்தபின் அந்த அலைச்சல் போனது. இருந்தாலும் நினைவகத்தையும் இன்டர்நெட்டையும் அவை தின்பது போகவில்லை. விண்டோஸ் 98-லும் எக்ஸ்பியிலும் எம்எஸ்கான்ஃபிக் என்று தட்டி இவற்றை நிறுத்துவோம். விண்டோஸ் 8 முதல் அது டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கமாக வந்துவிட்டது. எது எவ்வளவு சுமை என்றும் அங்கேயே போட்டிருக்கும்.

தொழில் பழக வரும் பையன்கள் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு “வேகமாயிருச்சுண்ணே” என்பார்கள். மறுநாள் காலையில் தமிழ் வராது, பேக்கப் ஓடாது. வேகம் வேறு, வேலை வேறு. ஒவ்வொரு பெயரையும் அந்த மெஷினில் உட்காருபவரிடம் படித்துக்காட்டி, இது உங்களுக்கு எதற்கு என்று கேட்ட பிறகுதான் டிக்கை எடுக்க வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். மெஷினின் உரிமையாளர் அவர். எது தானாக ஓட வேண்டும் என்று முடிவு செய்ய அவருக்கும் அவரிடம் வேலை செய்பவருக்கும்தான் அதிகாரம் உண்டு. பிரின்டர் செய்தவருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.

வைரஸ் எழுதியவர்களும் இந்த வாசல்களை நன்றாகப் படித்தவர்கள். எக்ஸ்பி காலத்தில் சிவகாசியில் டிசைன் அறையிலிருந்து பிளேட் போடும் இடத்துக்கு வேலை பென் டிரைவில்தான் போகும். அதில் ஆட்டோரன்.இன்ஃப் என்ற கோப்பு ஒட்டிக்கொண்டால் செருகிய இடத்தில் எல்லாம் இறங்கும். இறங்கியதும் மெஷினோடு எழும்படி ரெஜிஸ்ட்ரியில் தன்னைப் பதித்துக்கொள்ளும். யூசர்இனிட் என்ற மதிப்பில் அசல் புரோகிராமின் பெயருக்குப் பின் ஒரு கமா இருக்கும். அந்தக் கமாவுக்குப் பின்னால் தன் பெயரையும் எழுதிவிடும். ரன் சாவியை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படாது. அந்த அசல் கோப்பையே வைரஸ் கெடுத்து, ஆன்டிவைரஸ் அதை அழித்துவிட்டால் இன்னும் மோசம். பாஸ்வேர்டு போட்டு உள்ளே போன நொடியே வெளியே தள்ளிவிடும். எக்ஸ்பி சி.டி.யிலிருந்து அந்தக் கோப்பை மறுபடி எடுத்து வைத்தால்தான் மெஷின் திறக்கும். பென் டிரைவில் ஆட்டோரன்.இன்ஃப் என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டரை உருவாக்கி வைத்துவிட்டால் அந்தப் பெயரில் கோப்பு எழுத முடியாது என்பதால் அச்சகம் அச்சகமாக அதைச் செய்துகொடுத்தேன். விண்டோஸ் 7-ல் பென் டிரைவ் தானாக ஓடுவதை நிறுத்தினார்கள். 2011-ல் எக்ஸ்பிக்கும் அந்தத் திருத்தம் வந்தது. என் தொழிலில் ஒரு வகை வேலையையே குறைத்த திருத்தம். மகிழ்ச்சியோடு வரவேற்றேன்.

விண்டோஸுக்கு முன்னால் நடப்பதும் இதில் சேர்த்திதான். கரண்ட் வந்ததும் யாரும் பட்டன் அமுக்காமலே சர்வர் எழ வேண்டுமானால் பயாஸில் அதற்கென்று இருக்கும் இடத்தில் ‘பவர் ஆன்’ என்று வைக்க வேண்டும். மதர்போர்டில் காசு வடிவில் இருக்கும் 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால் இந்த ஏற்பாடு மறந்துபோகும். எஃப்1 அமுக்கு என்று மெஷின் அங்கேயே நிற்கும். அமுக்கித் தாண்டினாலும் தேதி பல வருஷம் பின்னால் போயிருக்கும்; பில்லில் அந்தத் தேதி விழும். சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். சீசனுக்கு முன் எல்லா சர்வரிலும் இதை மாற்றிவிடுவேன், பழையது இன்னும் உயிரோடு இருந்தாலும். இன்னொன்று, விண்டோஸ் 8 முதல் ஷட்டவுன் என்பது பாதி உறக்கம்தான். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியால் உள்ளே இருக்கும் கெர்னல் டிஸ்க்கில் பத்திரமாகி, மறுநாள் அப்படியே எழுகிறது. முழுதாகப் புதிதாகத் தொடங்க ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ஒரு சர்வீஸ் கிறுக்குப் பிடித்து நின்றால், அணைத்துப் போட்டும் சரியாகவில்லை என்பவரிடம் ரீஸ்டார்ட் கொடுத்தீர்களா என்று தனியாகக் கேட்பது இதனால்தான்.

சில இடங்களில் லினக்ஸ் சர்வர் வைத்துக்கொடுத்திருக்கிறேன். 2010-ல் வந்த சிஸ்டம்டி எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதில் ‘ஆஃப்டர்’ என்று ஒரு வரி எழுத முடியும் என்பதே. நெட்வொர்க் வந்தபின் இது, டேட்டாபேஸ் வந்தபின் அது என்று நேராகச் சொல்லிவிடலாம். செத்தால் மறுபடி எழுப்பு என்றும் சொல்லலாம். பேட்ச் கோப்பில் நான் சுற்றி வளைத்துக் கேட்டதை அங்கே ஒரே வரியில் எழுதலாம்.

சீசனுக்கு முந்தின வாரம் கடை கடையாகப் போய் ஒரு சோதனை செய்கிறேன். பில்லிங்கை மூடி, எல்லா மெஷினையும் முறையாக அணைத்து, யு.பி.எஸ்.ஸையும் நிறுத்தி, போர்டில் மெயினை இறக்கிவிடுவேன். சற்று நேரம் கழித்து ஏற்றிவிட்டு யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொல்வேன். பாஸ்வேர்டு மட்டும் அவரவர் போடலாம். தானாக லாகின் ஆகும்படி வைக்கச் சொல்லிக் கேட்கிறார்கள், பணம் புழங்கும் மேசையில் அதை நான் செய்து தருவதில்லை. சர்வர் எழ வேண்டும், நோடு காத்திருக்க வேண்டும், பில் திரை வர வேண்டும், ஒரு பில் அச்சாகி அதில் அன்றைய தேதி இருக்க வேண்டும். டி.டி.பி. மெஷினில் ஒரு வரி தமிழ். லேப்டாப் இருந்தால் அதைப் பேட்டரியிலும் ஒரு முறை. எங்காவது ஒரு மவுஸ் கிளிக் தேவைப்பட்டாலும் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வரிசையை மறுபடி பார்க்கிறேன். என்னென்ன தானாகத் தொடங்குகிறது, எதற்குப் பின் எது, யார் கேட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதி சி.பி.யு. மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுவதும் உண்டு. அடுத்த முறை வேறொரு சர்வீஸ்காரர் வந்தாலும் அவருக்கு அது வேண்டும். ஒரு கடைக்கு இதற்கு அரை நாள் ஆகும். ஒன்றும் கெட்டுப்போகாத மெஷினுக்கு எதற்குத் தம்பி காசு என்று கேட்கிறவர்களிடமும் இந்த அரை நாளுக்கான கூலியைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.